பாம்புக் கடியும் பத்துக் குப்பி மருந்தும்

திருப்பதிக்கு வரும் அன்பர்கள் திருமலையிலிருந்து இறங்கியதும், அருகே சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சானூருக்குச் சென்று அலர்மேல்மங்கைத் தாயாரை வணங்கிச் செல்வது வழக்கம். கார்த்திகைப் பெருவிழாவின் நிறைவு நாளாகிய பஞ்சமி தீர்த்தத்தன்று, பத்ம சரோவரம் என்னும் திருக்குளத்தில் நீராடப் பெருங்கூட்டம் கூடும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். பொன்முகலியாற்றை ஒட்டிய கழனிகளில் ஈரம் நிறைந்திருக்கும். நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளையும் சித்தூர்ச் சீமையில் எலிகளுக்குக் குறைவில்லை. எலிகள் உள்ள இடத்தைப் பாம்புகள் தேடி வருவது இயற்கை. பகலில் வயலில் உழைப்போரும், இரவில் வெறுந்தரையில் துண்டை விரித்து உறங்குவோரும் இந்த ஆபத்துக்கு மிக அருகில் இருக்கின்றனர்.

பாம்பு கடித்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். கடியுண்டவர் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவை அடைந்த பிறகு உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மருந்தை எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடாதிருப்பது என்னும் தீர்மானங்களை மருத்துவர் எவ்வாறு செய்கிறார்? இதனை அறியாத காரணத்தால் வாயிலில் நிற்கும் உறவினர் கலங்குகின்றனர்; சில வேளைகளில் மருத்துவரோடு சச்சரவிடவும் செய்கின்றனர். தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கோ, மொழி விளங்காமையும் கூடச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே இப்பேச்சில் அந்தத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்க முற்படுகிறோம்.

பொருளின் பெருமையை முதலில் அளந்து கொள்வோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் மக்கள் பாம்புக் கடியால் மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! இறப்பு மிகுந்த எட்டு மாநிலங்களுள் தெலங்கானா உள்ளிட்ட பழைய ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. மாண்டோரில் மிகப் பலர் கிராமத்தார். உழவரும் கூலிகளும் அவர்தம் குழந்தைகளும் ஆவர். உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்திய அரசு 2024-இல் இதற்கெனத் தேசியச் செயல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, பாம்புக் கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது.

இனி, ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து கொள்வோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்து, திருச்சானூரை அடுத்த ஒரு சிற்றூரில் தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று. அந்தி மயங்கும் வேளையில் வரப்பின் மேல் நடந்த குடும்பத் தலைவரின் கணுக்காலில் ஏதோ கடித்துவிட்டது. காலில் கடும் வலி; வீக்கம் ஏறுகிறது. மனைவியும் அவளுடைய தம்பியும் அவரை வண்டியில் ஏற்றித் திருப்பதி மருத்துவமனைக்குக் கொண்டு வந்து சேர்க்கின்றனர். தம்பி அலறுகிறான்: "டாக்டர் ஐயா, மாமாவுக்கு உடனே ஊசி போடுங்கள்!" ஆனால் மருத்துவர் ஊசி போடவில்லை. கண்ணிமையைப் பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், மூச்சை எண்ணுகிறார். பிறகு சிறிது இரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் ஊற்றி, அதை மேசை மேல் அசையாமல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருபது நிமிடம் செல்ல வேண்டும் என்கிறார். மைத்துனனுக்கு இது பொறுக்கக் கூடிய காட்சியா?

எனினும், அந்த இருபது நிமிடம் வீண்போன நேரமன்று. ஏன் என்று பார்ப்போம்.

நம் நாட்டில் சுமார் 300 வகைப் பாம்புகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. உயிர்க்கேடு விளைவிப்பவற்றுள் முதன்மையானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். தெலுங்கில் நல்ல பாம்பை நாகுபாமு என்றும், கட்டுவிரியனைக் கட்லபாமு என்றும், கண்ணாடி விரியனை ரக்தபிஞ்சர என்றும் வழங்குவர். கடித்தது நச்சுப் பாம்பே யானாலும் ஒவ்வொரு கடியிலும் அது நஞ்சைச் செலுத்துவதில்லை. பல் பதிந்தும் நஞ்சு ஏறாத கடிகளும் உண்டு. ஆகையால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்தப் பாம்பு கடித்தது என்பதன்று. நஞ்சு உடலில் ஏறியுள்ளதா என்பதே.

அதனை அறிவிக்கும் அடையாளங்கள் இருவகை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்துவிடும். கண்ணிமைகள் தாமே சரியும், பார்வை இரண்டாகத் தெரியும், விழுங்க இயலாது, பேச்சுக் குழறும், இறுதியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். விரியன்களின் நஞ்சோ இரத்தத்தைத் தாக்கும். இரத்தம் உறைவதற்கு உதவும் பொருள்களை அது செலவழித்துத் தீர்த்துவிடும். ஈறுகளிலும் மூக்கிலும் சிறுநீரிலும் இரத்தம் கசியும். கண்ணாடி விரியன் சிறுநீரகங்களையும் கெடுக்கும்.

மேசை மேலுள்ள கண்ணாடிக் குழாயின் வேலை இப்போது விளங்கும். நோயாளியின் இரத்தத்தில் இரண்டு மில்லிலிட்டர் எடுத்து, புதிய, உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் வைப்பர். பின்பு ஒரே முறை சாய்த்துப் பார்ப்பர். இரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், அந்நேரம் வரை விரியன் நஞ்சு இரத்தத்தைக் கெடுக்கவில்லை என்று கொள்ளலாம். தண்ணீர் போல் ஓடினால், நஞ்சு ஏறிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பெரிய ஆய்வுக்கூடமும் விலையுயர்ந்த கருவியும் இல்லாத சிறு மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். கண்ணாடியின் மேற்பரப்பு பட்டே இரத்தம் உறையத் தொடங்கும். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத் தூளால் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று, மருத்துவரை ஏமாற்றிவிடக் கூடும். முதல் முறை உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை. நஞ்சு மெல்ல ஏறலாம். ஆதலால் குறித்த இடைவெளிகளில் சோதனையைத் திரும்பச் செய்து, நோயாளியை ஒரு நாள் முழுதும் கண்காணிப்பில் வைத்திருப்பர்.

"ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும் மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன குற்றம்?" என்று அன்பர்கள் கேட்கலாம். அதற்கு விடை காண, அந்த மருந்து எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிய வேண்டும்.

பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுக, பல வாரங்கள் குதிரையின் உடலில் செலுத்துவர். குதிரையின் இரத்தம் அந்நஞ்சை எதிர்க்கும் பொருள்களைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். அந்த இரத்தத்தின் நீர்ப் பகுதியை எடுத்துத் தூய்மை செய்தால் கிடைப்பதே நஞ்சுமுறி மருந்து. 1890-களில் பிரெஞ்சு நாட்டறிஞர் ஆல்பர் கால்மெட் இம்முறையை வகுத்தார். காசநோய்த் தடுப்பு ஊசியைக் கண்ட இருவருள் ஒருவராக நாம் அறிந்திருக்கும் கால்மெட் அவரே. இந்தியாவில் இன்று செய்யப்படும் மருந்து, மேலே சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. எனவே பாம்பின் பெயர் தெரியாவிட்டாலும் மருந்தைத் தொடங்கத் தடையில்லை. செத்த பாம்பைப் பையிற் போட்டு எடுத்து வர வேண்டும் என்று காலத்தைப் போக்குவதும், உயிருள்ள பாம்பைத் துரத்தி இரண்டாவது ஒருவர் கடியுண்பதும் எவ்வளவு அறியாமை என்பது இதனால் தெளிவாகும்.

குதிரையின் உடலிலிருந்து வருவதாகையால், மனித உடல் இம்மருந்தை அயற்பொருளாகக் கருதிச் சீறி எழுவதுண்டு. மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலோ மணிகளிலோ உடலெங்கும் தடிப்பு, அரிப்பு, குளிர்நடுக்கம், வாந்தி ஆகியவை தோன்றலாம். கடுமையாயின் மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் சட்டென்று வீழும், உயிருக்கே கேடாகும். நஞ்சு ஏறாத ஒருவருக்கு இதனைக் கொடுத்தால் அவர் பெறும் நன்மை ஒன்றுமில்லை. ஆபத்து மட்டுமே மிஞ்சும். மேலும், தேவையற்றவருக்குச் செலவழித்த குப்பிகள், அன்றிரவே வரக்கூடிய வேறொருவருக்குக் கிடைக்காமற் போகலாம். எனவேதான் மருத்துவர் அடையாளத்துக்காகக் காத்திருக்கிறார். ஆனால் அடையாளம் தோன்றிவிட்டால் ஒரு நொடியும் காத்திருக்கலாகாது. இமை சரிந்தவருக்கும், வெளிப்படையாக இரத்தம் கசிபவருக்கும் குழாய்ச் சோதனையின் முடிவை எதிர்பாராமலே மருந்தைத் தொடங்குவர்.

நம் உதாரணத்திற்குத் திரும்புவோம். இருபது நிமிடம் கழிந்தது. குழாயைச் சாய்த்தபோது இரத்தம் நீராக ஓடிற்று. இப்போது இரண்டாவது தீர்மானம்: எவ்வளவு மருந்து?

வழக்கமாகத் தொடங்கும் அளவு பத்துக் குப்பி. இந்த எண் எங்கிருந்து வந்தது? கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாகச் செலுத்தும் நஞ்சு சுமார் 60 மில்லிகிராம் என்று கணக்கிட்டுள்ளனர். நம் நாட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டர், கண்ணாடி விரியன் நஞ்சில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பிக்குப் பத்து மில்லிலிட்டர். பத்துக் குப்பிக்கு நூறு. நூறு மில்லிலிட்டர் 60 மில்லிகிராம் நஞ்சை முறிக்கும். கணக்கு நேராகிறது அன்றோ?

இங்கே பலரும் வியப்பது ஒன்று உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கும் அதே பத்துக் குப்பிதான். மற்ற மருந்துகளையெல்லாம் குழந்தையின் எடைக்கேற்பக் குறைத்துக் கொடுக்கும் மருத்துவர், இதை மட்டும் குறைப்பதில்லை. பாம்பு, குழந்தை என்று இரங்கி நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. மருந்து முறிக்க வேண்டியது நஞ்சை, நோயாளியின் எடையை அன்று. கருவுற்ற தாய்க்கும் இதே அளவே.

மருந்து பெரும்பாலும் உலர்ந்த தூளாகக் குப்பியில் இருக்கும். அதனைத் தூய நீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கரைப்பதே முறை. பத்துக் குப்பியையும் கரைப்பதற்குள் செவிலியரின் நெற்றி வியர்த்துவிடும். பின்பு அதனை உப்புக் கரைசலில் சேர்த்து, இரத்தக் குழாய் வழியாக அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் செலுத்துவர். கடித்த இடத்தைச் சுற்றி இம்மருந்தைக் குத்துவதால் பயனில்லை. முற்காலத்தில் தோலில் ஒரு துளி குத்திச் சோதித்த பின்பே மருந்து கொடுத்தனர். அச்சோதனை, யாருக்கு ஒவ்வாமை வரும் என்பதை முன்கூட்டிக் காட்டுவதில்லை என்று தெரிந்தபின் கைவிடப்பட்டது.

அப்படியானால் ஒவ்வாமைக்குக் காப்பு என்ன? அட்ரினலின் என்னும் மருந்து. நஞ்சுமுறி மருந்தின் முதற்சொட்டு இறங்குமுன்பே அட்ரினலின் ஊசி குழலில் ஏற்றப்பட்டு, கட்டிலருகே ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வாமை தோன்றியதும் நஞ்சுமுறி மருந்தை நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரினலினைக் குத்துவர். நோயாளி தெளிந்ததும் நஞ்சுமுறி மருந்தை மீண்டும் மெல்லத் தொடங்குவர். ஒவ்வாமை வந்துவிட்டது என்று அஞ்சி மருந்தை அடியோடு விட்டுவிடுதல் தவறு; நஞ்சு இன்னும் உள்ளேயே இருக்கிறது. இந்திய நஞ்சுமுறி மருந்தையே பயன்படுத்தும் இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தி, 2011-இல் வெளியிட்டனர். மருந்தைத் தொடங்குமுன் சிறிதளவு அட்ரினலினைத் தோலின் கீழ்ச் செலுத்தினால், கடுமையான ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று அது காட்டியது. அதுவரை காப்பென நம்பிக் கொடுத்து வந்த வேறிரு மருந்துகளால் அத்தகைய பயன் காணப்படவில்லை. நம்பிக்கையைக் கணக்கெடுத்துச் சோதிப்பதே மருத்துவத்தின் நேர்மை என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

மூன்றாவது தீர்மானம்: போதுமா, இன்னும் வேண்டுமா? பத்துக் குப்பி ஏறிய அரை மணியில் மைத்துனன் மீண்டும் கேட்கிறான், "மறுபடியும் இரத்தத்தைப் பாருங்களேன்" என்று. மருத்துவர் ஆறு மணி நேரம் கழித்தே பார்ப்போம் என்கிறார். இதுவும் அலட்சியமன்று. மருந்து நஞ்சை முறித்துவிடும். ஆனால் நஞ்சு தின்று தீர்த்த உறைபொருள்களை மருந்து கொண்டு வந்து தருவதில்லை. அவற்றை ஈரலே புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் பிடிக்கும். அதற்குமுன் பார்த்தால் இரத்தம் உறையாமலே இருக்கும். வீணாக மேலும் மருந்து கொடுக்க நேரிடும். ஆறு மணிக்குப் பின்னும் உறையாவிட்டால், நஞ்சு எஞ்சியிருக்கிறது என்பது பொருள். மறுபடியும் மருந்து கொடுப்பர். ஒரு நாள் தாமதித்து வந்தவருக்கும், இரத்தம் உறையாதிருந்தால் மருந்து பயன் தரும். "நேரம் கடந்துவிட்டது, இனிப் பயனில்லை" என்று எவரையும் வீட்டில் கிடத்திவிடலாகாது.

நரம்பைத் தாக்கும் நஞ்சின் வழி வேறு. அங்கே மருந்துக்கு மேலாக மூச்சைக் காப்பதே முதற்கடமை. நல்ல பாம்பின் நஞ்சுக்கு நியோஸ்டிக்மின் என்னும் மருந்தை அட்ரோபினோடு சேர்த்துக் கொடுத்தால், சரிந்த இமைகள் சிறிது நேரத்திலேயே உயர்வதைக் கண்ணாற் காணலாம். கட்டுவிரியன் கடியில் இம்மருந்து அவ்வளவாகப் பயன் தராது. அதன் நஞ்சு நரம்பின் முனையையே சிதைத்துவிடுகிறது. முனை மீண்டும் வளர நாட்கள் செல்லும். அதுவரை செயற்கை மூச்சுக் கருவியே உயிரைத் தாங்கும். கருவி இல்லாத இடத்தில், கையால் அழுத்தும் மூச்சுப் பையை ஒருவர் மாற்றி ஒருவர் அழுத்திக்கொண்டே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கட்டுவிரியனைப் பற்றி இன்னும் ஒரு சொல். அது இரவில் வீட்டினுள் நுழைந்து, தரையில் உறங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுவார், இமை கனக்கும், வீட்டார் அசீரணம் என்று எண்ணிவிடுவர். மழைக்காலத்தில், தரையில் படுத்தவருக்கு இவ்வடையாளங்கள் தோன்றினால் பாம்புக் கடியை நினைக்க வேண்டும். அதினும் முக்கியமானது மற்றொன்று. இந்நஞ்சு முற்றிலும் ஏறியவர் கை கால் அசையாமல், கண்மணியும் ஒளிக்கு அசையாமல், உயிர் நீங்கினவர் போலக் கிடப்பார். ஆயினும் உள்ளுணர்வு தெளிவாக இருக்கலாம். அருகில் அழுபவரின் குரலும் கேட்கலாம். அந்நிலையிலிருந்து மூச்சுக் கருவியின் துணையால் முழு நலம் பெற்று நடந்து சென்றவர் பலர். எனவே தோற்றத்தைக் கண்டு நம்பிக்கையை இழந்துவிடக் கூடாது.

இத்தீர்மானங்கள் யாவும் மருத்துவர் ஒருவரால் மட்டும் நிறைவேறுபவை அல்ல. மருந்தாளுநரின் பங்கு பெரிது. அதனை மக்கள் அறிவதில்லை. குப்பிகள் எத்தனை உள்ளன, எந்நாளில் காலாவதியாகும், மழைக்காலத்துக்கு முன் எத்தனை வரவழைக்க வேண்டும் என்று கணக்கு வைப்பவர் அவரே. திரவ வடிவிலுள்ள மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்க வேண்டும்; தூள் வடிவம் குளிர்பெட்டி இல்லாத ஊருக்கும் ஏற்றது. இவற்றையெல்லாம்விட முக்கியம், மருந்து இருக்குமிடம். நள்ளிரவில் நோயாளி வரும்போது மருந்து பூட்டிய அறையில், சாவி வேறொருவர் வீட்டில் என்றிருந்தால், இருந்தும் இல்லாததே. முதற்பத்துக் குப்பியும் அட்ரினலினும் அவசரப் பிரிவிலேயே இருக்க வேண்டும். சிறு மருத்துவமனைகளில் மற்றொரு குறையும் காணப்படுகிறது. ஒவ்வாமைக்கு அஞ்சி, முதல் அளவைக் கொடாமலே நோயாளியைப் பெரிய ஊருக்கு அனுப்பிவிடுவர். நஞ்சு வழியில் காத்திருப்பதில்லை. அடையாளம் இருப்பின் முதல் அளவைத் தொடங்கிவிட்டு அனுப்புவதே நெறி.

திருச்சானூர்ப் பகுதியார் இவ்வகையில் பேறு பெற்றவர்கள். 1960-இல் தொடங்கிய வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரூயா அரசு மருத்துவமனையும், 1993 முதல் நடைபெறும் வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் திருப்பதியிலேயே உள்ளன. கண்ணாடி விரியன் நஞ்சால் சிறுநீரகம் கெட்டவருக்கு வேண்டிய இரத்தச் சுத்திகரிப்பு வசதியும் அண்மையிலேயே உண்டு. 108 என்னும் ஆம்புலன்ஸ் சேவையும் முதன்முதலில் 2005-இல் பழைய ஆந்திரப் பிரதேசத்திலேதான் தொடங்கிற்று. மலையடிவாரச் சிற்றூர்களில் இருப்போருக்கு, வழியிலேயே மணிக்கணக்கில் செலவாகிவிடுகிறது.

இம்மருந்தின் மூலத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிப்பெருமை ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் மக்கள், அவ்வாணிகம் சட்டத்தால் தடைப்பட்டபின் வாழ்வழியின்றித் திகைத்தனர். பாம்பறிஞர் ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு, அவர்கள் தம் முன்னோர் அறிவை உயிர் காக்கும் பணிக்குத் திருப்பினர். அரசு அனுமதியோடு பாம்புகளைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். நம் நாட்டு மருந்துச் சாலைகளுக்குச் செல்லும் நஞ்சில் மிகப் பெரும் பகுதி இங்கிருந்தே செல்கிறது. இருளர்களாகிய வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இப்பெருமையிலேயே ஒரு குறையும் அடங்கியுள்ளது. வெளி மாநிலங்களில் வாழும் நாம் அதனை அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, எல்லா மாநிலப் பாம்புகளுக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. இராசத்தானத்தில் வாழும் கட்டுவிரியன் இனம் ஒன்றும், வடகிழக்கில் வாழும் ஒற்றை வளைய நல்ல பாம்பும் இம்மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. இதனைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். கேரளத்து மலைப்புறத் தோட்டங்களில் காணும் ஒருவகைக் குழிவிரியனின் நஞ்சுக்கோ இம்மருந்து பயன்படுவதே இல்லை. அவ்வவ் வட்டாரத்துக்கேற்ற மருந்துகளைச் செய்யும் முயற்சி நடைபெறுகிறது. அதுவரை இருக்கும் மருந்தே துணை. ஆயினும் அங்குள்ள மருத்துவர் அவ்வூர்ப் பாம்புகளின் இயல்பை அறிந்தே தீர்மானிப்பார். "எங்கள் ஊரில் இப்படிச் செய்வார்களே" என்று அவரை வற்புறுத்துவது தகாது.

இனி, நம் கடமை யாது? கடியுண்டவரை நடக்க விடாமல், கடித்த காலையோ கையையோ அசையாமல் சிம்பு வைத்துக் கட்டி, விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முதல் உதவி. மோதிரம், வளையல், மெட்டி முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறினால் அவை இறுக்கும். இறுக்கிக் கயிறு கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் தீமையே தரும். வலிக்கென்று ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். அவை இரத்தக் கசிவை மிகுதியாக்கும். மந்திரிப்பவரிடம் முதலில் சென்று பிறகு மருத்துவமனைக்குப் போகலாம் என்று எண்ணுவோர், திரும்பப் பெற இயலாத பொழுதை இழக்கின்றனர்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு: கடித்த நேரம், கடித்தபோது இருந்த இடம், வயலா, வீடா, உறக்கத்திலா என்பது, அதன்பின் தோன்றிய அடையாளங்கள், முன்பு இம்மருந்தைப் பெற்றதுண்டா, இழுப்பு நோயோ ஒவ்வாமையோ உண்டா என்பது, வழியில் கொடுத்த மருந்துகள். மொழி தெரியாத ஊரில், முதல் வாக்கியத்தை மட்டுமாவது கற்று வைத்திருப்பது நன்று. தெலுங்கில் "பாமு கரிச்சிந்தி" என்றும், கன்னடத்தில் "ஹாவு கச்சிதெ" என்றும், இந்தியில் "சாம்ப் நே காட்டா ஹை" என்றும் சொன்னால், வாயிலில் நிற்பவர் உடனே வழிவிடுவர். பிறகு கட்டிலருகே இருப்பவர் செய்ய வேண்டியது, கண்ணைத் திறந்து வைத்திருப்பதே. உடலில் தடிப்பு எழுந்தாலும், குரல் கம்மினாலும், இமை சரிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், நிறம் மாறினாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். அச்செய்தி மருத்துவரின் அடுத்த தீர்மானத்துக்கு உதவும்.

நம் உதாரணத்துக் குடும்பத் தலைவருக்கு ஆறு மணி நேரத்துக்குப் பின் மறுபடியும் குழாய் வைத்துப் பார்க்கின்றனர். இம்முறை சாய்த்தபோது இரத்தம் கட்டியாக நின்றது. மைத்துனன் அதனைத் தன் கண்ணாலேயே காண்கிறான். முதலில் இருபது நிமிடமும், பின்னர் ஆறு மணி நேரமும் ஏன் காத்திருந்தார்கள் என்பது அவனுக்கு இப்போது விளங்குகிறது. அவ்விளக்கத்தை அவசரம் நேர்வதற்கு முன்பே நாம் பெற்றிருப்போமானால், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நாம் தடையாக நில்லாமல் துணையாக நிற்கலாம்.